பியூலா டீச்சரின் மூத்திரப்பையும் சிங்கப்பூர் விமானமும்

என் அத்தை பியூலா டீச்சரிடம் சங்கரன்கோவிலைப் பற்றிக் கேட்டால் கோபுரம், தேர், பிரியாணி என்று எதுவும் சொல்ல மாட்டாள். "பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல ஜவுளிக்கடை மாடியில ஒண்ணு உண்டு, சுத்தமா இருக்கும். பேங்க்ல உண்டு, ஆனா சாவி மேனேஜர்ட்ட இருக்கும். மார்க்கெட் பக்கம் மட்டும் போயிராத, செத்துருவ" என்று கழிப்பறை கழிப்பறையாக ஊரை விரிப்பாள். ஆறு வருஷமாக அவள் அரை மணிக்கு ஒருமுறை போயாக வேண்டும். போனால் நாலு சொட்டு. போகாவிட்டால் அடிவயிற்றில் தீ.

இப்படிப்பட்டவளைத்தான் நான் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்சம் கைதட்டுங்கள்.

விஷயம் இதுதான். அத்தை மகள் ஜெமிக்குச் சிங்கப்பூரில் முதல் பிரசவம். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் வேலை, கூட இருக்க ஆள் இல்லை. மாமா தன் ஆடுகளை விட்டுவிட்டுப் பரலோகத்துக்கே வர மாட்டார். ஜெமி வீடியோ காலில் அழுதாள். "நீ வரலைன்னா நான் வேற யாரைம்மா கூப்பிட?" அத்தை ஒவ்வொரு முறையும் சொன்ன பதில், "எனக்கு பிளேன்னா பயம் மக்கா." சுத்தப் பொய். மாமாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, இரண்டு ஆட்டுக்குட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு போகிறவளுக்கு விமானமெல்லாம் ஒரு பயமா? போனை வைத்த பிறகு என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"ஷைனி, பிளேன் கெளம்பும்போது பெல்ட்ட மாட்டிட்டு எந்திரிக்க விட மாட்டாவளாமே. எவ்வளவு நேரம்ட்டி?"

"முப்பது, நாப்பது நிமிஷம் இருக்கும் அத்தை."

"அப்ப நான் செத்தேன்."

நான் பெங்களூரில் எம்.எஸ்சி. நியூரோசயின்ஸ். பக்கத்தில் யாராவது தும்மினால்கூட எந்த நரம்பு என்று பாடம் எடுக்கிற ஆள். எனக்கு இதைவிட நல்ல சான்ஸ் கிடைக்குமா? டாக்டரே ஏற்கெனவே வழி சொல்லியிருந்தார். நாலைந்து வருஷம் கிருமி மாத்திரையாக விழுங்கி, ஒவ்வொரு டெஸ்டிலும் கிருமி இல்லை என்று வந்து, கடைசியில் திருநெல்வேலியில் கேமரா விட்டுப் பார்த்துத்தான் மூத்திரப்பையின் உள்சுவர் அழன்று கிடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மாத்திரை கொடுத்து, போகிற இடைவெளியை ஐந்து ஐந்து நிமிஷமாக நீட்டச் சொன்னார்கள். வீட்டில் நீட்ட முடியவில்லை. ரெண்டு எட்டில் பாத்ரூம் இருக்கும்போது எவள் அடக்குவாள்? "பஸ்ல ஏறுவோம் அத்தை. இறங்க முடியாதுல்லா. ஜெமி போட்ட டிக்கெட்டுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. பழகிரலாம்" என்றேன். அப்படி ஆரம்பித்தது எங்கள் உலகப் பயணம்.

முதல் நாள் பனவடலிசத்திரம். அரை மணி நேரம்தான். டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பின் சீட்டில் உட்கார்ந்ததும் நான் வகுப்பை ஆரம்பித்தேன்.

"உங்க மூத்திரப்பை ஒரு பஸ்ஸுன்னு வைங்க. நரம்புதான் கண்டக்டர். நல்ல கண்டக்டரு சீட்டெல்லாம் ரொம்பி, படியில நாலு பேரு தொங்கும்போதுதான் விசிலடிப்பான். உங்க கண்டக்டரு ரெண்டு பேரு ஏறுனதுமே அடிக்கான்."

"கிறுக்கனா அவன்?"

முன்னாலிருந்து நிஜக் கண்டக்டர் திரும்பினார். "ஏம்மா, யாரைக் கிறுக்கன்னு சொல்லுதிய?"

"உங்கள இல்ல அண்ணாச்சி, இது வேற பஸ்ஸு" என்றேன். அவர் நம்பவில்லை. இறங்கும் வரை எங்களைப் பார்த்துப் பார்த்து விசிலடித்தார்.

"கிறுக்கன் இல்ல அத்தை, அடிபட்டவன். புண்ணான எடத்துல நரம்பு லேசாத் தொட்டாலே கத்தும். அதுவரை தூங்கிட்டுக் கெடந்த நரம்பும் முழிச்சிக்கிடும். கத்துத நரம்பு சும்மா கத்தாது, அதோட முனையில இருந்து ரசாயனத்தக் கக்கும். அது பட்டா அந்த எடம் இன்னும் வீங்கும். வீங்குனா நரம்பு இன்னும் கத்தும். முதுகுத்தண்டு வேற அந்தச் சத்தத்த மைக் வச்சுப் பெருசாக்கி மூளைக்கு அனுப்பும்."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "அப்ப வீங்குததுனால நரம்பு கத்துதா, நரம்பு கத்துததுனால வீங்குதா?"

"ரெண்டும்தான்."

"எங்க ரெண்டாப்புப் பிள்ளைய மாதிரி. ஒருத்தன் அழுவான். அதப் பாத்து எல்லாவனும் அழுவான். எல்லாவனும் அழுவதப் பாத்து மொதல்ல அழுதவன் இன்னும் சத்தமா அழுவான். பென்சில் காணாமப் போனது யாருக்கும் ஞாபகம் இருக்காது."

இரண்டு செமஸ்டர் நான் படித்ததை ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். எரிச்சலாக இருந்தது.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன். எல்லாரும் மனசுலதான் இருக்கு டீச்சர், ஜெபம் பண்ணுங்கன்னாவ. மனசுல இல்லையே?"

"இல்ல அத்தை. நரம்புல இருக்கு. நெசமாவே இருக்கு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோளக்காடு இரண்டு மூன்று போன பிறகு, "அத நோட்டீஸ் அடிச்சு சபையில குடு" என்றாள்.

அரை மணி தாங்கினாள்! பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு மளிகைக்கடைக்கு நேராகப் போய், கடைக்கார அக்காவிடம், "பிள்ளைக்கு அவசரமாம், கொஞ்சம் வீட்டுப் பக்கம் போலாமா?" என்று என்னைக் கைகாட்டினாள். பிள்ளை நான்தான். இருபத்து மூன்று வயசு. அந்த அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். உள்ளே போனது அத்தை, பேர் கெட்டது எனக்கு.

இரண்டாம் நாள் சிவகிரி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வழியில் ஒரு ஆட்டு மந்தை ரோட்டை விலைக்கு வாங்கியதுபோல நின்றதால் ஒரு மணி நேரமே ஆகிவிட்டது. அத்தை அசையவில்லை. மேற்கே மலை தெரிந்ததும், "எவ்வளவு பச்சை பாத்தியா" என்று சொல்லும் அளவுக்குத் தெம்பாக இருந்தாள். எனக்கு உள்ளுக்குள் மத்தாப்பு. நான் யார், என் படிப்பு என்ன என்று பெங்களூர் தோழிகளுக்கெல்லாம் வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

சிவகிரியில் பரோட்டா. காரம், புளி, காப்பி எல்லாம் புண்ணைக் குத்தும் என்பதால் அத்தை சால்னாவைத் தள்ளிவிட்டுச் சீனி கேட்டாள். பரிமாறியவர் நெஞ்சில் கை வைத்தார்.

"சால்னா வேண்டாமா? அப்ப எதுக்கும்மா பரோட்டா திங்கிய? வீட்டுலயே ரொட்டி தின்னுருக்கலாம்லா?"

"எனக்கு வயிறு சரியில்ல."

"எங்க சால்னா குடிச்சா வயிறு சரியாயிரும்."

இது நடக்காத காரியம் என்று நரம்பு முனையிலிருந்து நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே வேறு மேசைக்குப் போய்விட்டார். என் பங்குச் சால்னாவோடு அத்தை பங்கையும் நானே குடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, அபாரம். பெங்களூரில் குருமா என்ற பேரில் கொடுப்பதை இவர்கள் பார்த்தால் கேஸ் போடுவார்கள்.

மூன்றாம் நாள் ராஜபாளையம். போகும்போது ஜோர். திரும்பும்போதுதான் எல்லாம் போச்சு.

பாதி வழியில் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் வளையல் வளைந்தது. முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை. "குதிகாலை ஊனுங்க, கால் விரலை மடக்குங்க, மூச்ச மெதுவா விடுங்க" என்று நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். "வாய மூடுட்டி" என்றாள். பல்லுக்கு நடுவிலிருந்து வந்த சொல் அது. ஆறு வருஷத்தில் அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. லீவுக்கு மட்டும் வருகிறவள் எதைப் பார்த்திருப்பேன்?

எழுந்து ஓடிப் போய் டிரைவரிடம் கத்தினேன். "நடுக் காட்டுல நிறுத்தச் சொன்னா எப்படிம்மா?" என்றார். அடுத்த சீட்டில் காலிப் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா எழுந்தாள்.

"நிறுத்தும்வே! ஒம்ம பொண்டாட்டின்னா நிறுத்த மாட்டீரா?"

பஸ் நின்றது. நானும் பூக்கார அக்காவும் அத்தையைத் தாங்கிக்கொண்டு உடைமரத்துக்குப் பின்னால் போனோம். என் துப்பட்டாவை ஒரு முனை அவள், ஒரு முனை நான் பிடித்தோம். பஸ்ஸில் ஆண்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த மரியாதைக்கு ஒரு சல்யூட். அத்தை எழுந்து வரக் கொஞ்ச நேரம் ஆனது. கண்ணில் தண்ணீர்.

"மஞ்சளா எரிஞ்சிட்டுப் போவுதா அக்கா? தண்ணி குடிச்சியளா?" என்று அந்த அக்கா கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் குடிச்சது."

"அதான். பஸ் ஏறணும்னா நானும் குடிக்க மாட்டேன்."

இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள், ஏதோ வேத வாக்கியம் போல. நான் துப்பட்டாவைப் பிடித்தபடியே நின்றேன்.

"அத்தை, பனவடலிசத்திரம் போன அன்னைக்கு?"

"குடிக்கல."

"சிவகிரிக்கு?"

"குடிக்கலட்டி. குடிச்சா வரும்லா? மாத்திரையக்கூட எச்சியிலதான் முழுங்கினேன்."

என் வெற்றி, என் மத்தாப்பு, என் வாய்ஸ் மெசேஜ், எல்லாம் புஸ். பை பழகவே இல்லை. காய்ந்து கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். காய்ந்தால் மூத்திரம் திக்காகும், திக்கானது புண்ணில் படும், பட்டால் நரம்பு எரியும். மூன்று நாளாக நானே என் அத்தையின் புண்ணில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டு, "சூப்பர் அத்தை" என்று கைதட்டியிருக்கிறேன்.

பஸ் மறுபடி கிளம்பியதும் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "இருவத்தெட்டு வருஷமா இப்படித்தான். காலையில பெல்லடிச்சா சாயங்காலம் பெல்லு வரைக்கும் ஒரு மடக்கு கிடையாது. மொத பள்ளிக்கூடத்துல கக்கூஸ் சாவி எச்.எம். மேசையில இருக்கும். தினமும் அந்த மனுசன்ட்ட போயி கைய நீட்டணுமாக்கும்? எங்க டீச்சருங்க யாரும் குடிக்க மாட்டோம்."

திட்ட முடியவில்லை. ஏனென்றால் பெங்களூர் பஸ் ஏறுகிற அன்று நானும் மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவேன். என் ஹாஸ்டலில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். அதற்கு ஒரு பேர்கூடக் கிடையாது, குடை எடுப்பதுபோல ஒரு தயாரிப்பு. இதனால்தான் அத்தைக்கு இந்த நோய் வந்ததா என்றால் தெரியாது. எதனால் வருகிறதென்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஆனால் நரம்புப் படம் வரைந்து வைத்திருந்த என் நோட்டில், இன்றைக்கு என்ன குடித்தீர்கள் என்று கேட்க ஒரு வரி இல்லை. நான் செய்வதையே அவளும் செய்வாள் என்று தோன்றாத அளவுக்குப் படித்திருக்கிறேன்.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் பஸ் இல்லை. அத்தை வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். "டிக்கெட்ட வேண்டாம்னு சொல்லிரு. நடுவானத்துல இப்படி வந்தா அந்தப் பிள்ளைக்கு நான் உதவியா, உபத்திரவமா?" என்றாள். நான் இரண்டு போன் போட்டேன். ஒன்று டாக்டருக்கு. மாத்திரையை விடாதீர்கள், தண்ணீரை மடக்கு மடக்காக நாள் முழுக்கக் குடிக்கட்டும், இது தணியும், நடைபாதை ஓரத்து சீட்டில் தாராளமாகப் போகலாம் என்றார். இன்னொன்று ஜெமிக்கு. எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஜெமி உடனே வீடியோவில் வந்தாள். "ஆறு வருஷமா எங்கிட்ட சொல்லல. பிளேனுக்குப் பயமாம், பிளேனுக்கு! நான் எவளோவாம்மா?"

அத்தை தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "மகட்ட சொல்லுத விஷயமாட்டி இது?" என்றாள்.

"பின்ன யார்ட்ட சொல்லுவ? ஒரு மணிக்கூறுல பத்து தடவ நீ போயிட்டு வந்தாலும் பரவால்ல. நீ வா."

அன்று சாயங்காலம் அத்தை டம்ளரைத் தானாக எடுத்தாள். விளக்கெண்ணெய் குடிக்கிற முகத்தோடு ஒரு மடக்கு. பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று. முதல் இரண்டு நாள் நரகம். ஓடினாள், திட்டினாள், என் யூனிவர்சிட்டியையே சபித்தாள். அப்புறம் எரிச்சல் கொஞ்சம் இறங்கியது. அதிசயமெல்லாம் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிவகிரி பஸ் ஏறினோம். முக்கால் மணி தாங்கினாள், பிறகு புளியங்குடியில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்கில், "பிள்ளைக்கு அவசரம்." பங்கில் இருந்த அண்ணன் என்னிடம், "டாக்டர்ட்ட காட்டு தங்கச்சி" என்றார். இப்படியாக நான் இரண்டு ஊரில் பிரபலம்.

கிளம்புகிற நாள். மதுரை வரை கார், வழியில் மூன்று நிறுத்தம். விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் அத்தை வாய் பிளந்தாள். கண்ணாடியையோ பளபளப்பையோ பார்த்தல்ல. "ஏட்டி, எங்க திரும்பினாலும் பொம்பள படம் போட்டிருக்கு. பூட்டே இல்ல!" ஏறுவதற்கு முன் இரண்டு முறை போய்விட்டு வந்தாள். பாட்டிலில் தண்ணீரும் பிடித்துக்கொண்டாள்.

விமானக் கதவைச் சாத்தினார்கள். பெல்ட் விளக்கு எரிந்தது. அத்தை கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிஷம், நகரவில்லை. இருபது, நகரவில்லை. மேலே போக இன்னும் அனுமதி வரவில்லை, காத்திருக்கிறோம் என்று பைலட் இங்கிலீஷில் சொன்னார். முப்பது. அத்தை குதிகாலை ஊன்றியிருந்தாள். விரல்களை மடக்கியிருந்தாள். மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்தாவது நிமிஷம் என் மணிக்கட்டை நோக்கிக் கை வந்தது, பாதியில் நின்றது. பெல்ட்டைக் கழற்றி எழுந்துவிட்டாள்.

பணிப்பெண் ஓடி வந்தாள். "மேடம், தயவுசெய்து உட்காருங்கள், எந்த நிமிஷமும் கிளம்பிவிடும்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

நான் பழக்கதோஷத்தில் எழுந்து, "எனக்குத்தான் அவசரம்" என்று சொல்லத் தயாரானேன். அத்தை என் தலையில் கை வைத்து அமுக்கினாள்.

"எனக்கு ஒண்ணுக்குப் போணும்" என்றாள். மெதுவாக அல்ல. இரண்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில். "எனக்கு மூத்திரப்பையில வியாதி. அடக்க முடியாது. பிளேனு நின்னுட்டுத்தான இருக்கு? அந்த டிரைவர்ட்ட கேட்டுச் சொல்லும்மா."

விமானமே திரும்பிப் பார்த்தது. நான் மொழிபெயர்த்தேன், 'டிரைவர்' உட்பட. பணிப்பெண் சுவரில் இருந்த போனை எடுத்துப் பேசினாள். அவள் போனை வைத்து, "நின்றுகொண்டுதான் இருக்கிறோம், சீக்கிரம் போய் வாருங்கள்" என்றாள்.

அத்தை நடைபாதையில் நாலு அடி வைத்திருப்பாள். பின்னால் ஒரு பெல்ட் கிளிக் என்று கழன்றது. பச்சைச் சேலை கட்டின ஒரு அம்மா, அந்தக் குரலிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். "டீச்சரம்மா, நில்லுங்க, எனக்கும்தான்." இன்னொரு கிளிக். இன்னொன்று. மகள் பிரசவத்துக்கு, மருமகள் பிரசவத்துக்கு, பேரன் காது குத்துக்கு என்று போகிற ஏழு பொம்பளைகள் வரிசையாக எழுந்து நின்றார்கள். அத்தனை பேரும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்கள், அப்படியும் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். பணிப்பெண் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள், அப்புறம் சிரித்துவிட்டாள். என் பக்கத்து சீட்டு மாமா, "இதுல எங்கிட்டு சீக்கிரம்? நாளைக்குத்தான் கெளம்பும்" என்றார்.

எல்லோரும் முடித்து உட்கார்ந்த பிறகும் விமானம் கிளம்பப் பத்து நிமிஷம் ஆனது. வானத்தில் அத்தை ஐந்து முறை போனாள். ஒவ்வொரு முறையும் போகிற வழியில் அந்த ஏழு பேரிடமும் நின்று, "தண்ணி குடிக்கியளா?" என்று விசாரித்தாள். பச்சைச் சேலை அம்மா பயந்துபோய் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தாள்.

சிங்கப்பூரில் இறங்கினோம். கழிப்பறைக்கு வெளியே சுத்தம் எப்படி என்று மார்க் போட ஒரு திரை வைத்திருக்கிறார்கள். அத்தை உள்ளே போய்ப் பரீட்சை மேற்பார்வைபோல மூலை மூலையாகப் பார்த்துவிட்டு வந்து, முழு மார்க் போட்டாள். பாஸ்போர்ட் வரிசை, பெட்டி வரிசை எல்லாம் முடிந்து வெளியே வரும்போது மறுபடி அவளுக்கு நேரம் ஆகிவிட்டது என்று நடையிலேயே தெரிந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஜெமி. இவ்வளவு பெரிய வயிறு. அழுதுகொண்டே கையைக் காட்டினாள். "அம்மா, அந்தா அங்கன இருக்கு. மொதல்ல போயிட்டு வா, நான் எங்கயும் போவல."

"இருக்கட்டும்ட்டி, அது கெடக்கு" என்று அத்தை பெட்டியைப் போட்டுவிட்டு மகளைக் கட்டிப்பிடித்தாள். வயிற்றோடு வயிறு. திடீரென்று அத்தை துள்ளினாள்.

"ஐயோ! மிதிக்கான்ட்டி! சரியா அங்கனயே மிதிக்கான்!"

கைப்பையை என் மேல் வீசிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பளபளத்த தரையில் வாய் விட்டுச் சிரித்தபடி ஓடினாள். வழியில் நின்ற ஒரு வெள்ளைக்காரரிடம் சத்தமாகச் சொன்னாள், "வழி விடுங்க, எனக்கு அவசரம்!"